ரப்பர் இல்லாத வகுப்பு

"கோடு போடுவதற்கு நான்கு வருஷப் படிப்பா?"

கேட்டவர் என் அத்தான். அதாவது என் அக்காவின் கணவர். கேட்டது என்னவோ என்னிடந்தான். ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் அடுத்த அறை. அங்கே அவருடைய ஒரே பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கிய பெண், "இன்ஜினீயரிங் வேண்டாம், ஓவியக் கல்லூரிதான் வேண்டும்" என்று ஒரு மாத காலம் வீட்டில் சத்தியாக்கிரகம் செய்தாள். நுழைவுத் தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள். அத்தான் அரை மனசோடு சம்மதித்தார். "முதல் வருஷம் எப்படிப் போகிறதென்று பார்ப்போம்" என்பது உடன்படிக்கை. முதல் வருஷமாவது! சேர்ந்து ஆறு வாரம் ஆவதற்குள், "எனக்கு ஓவியம் வராதும்மா, நான் நின்னுடறேன்" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். இவளுக்கா ஓவியம் வராது? பள்ளிக்கூடத்தில் இவள் வாங்காத பரிசு இல்லை. சினிமா நட்சத்திரத்தின் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்வாள். அதன் மேல் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு கிழிப்பாள். பெரிய காகிதத்திலும் அதே எண்ணிக்கைக் கட்டங்கள். பிறகு கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதி, பென்சில் கரியை விரலால் தேய்த்துத் தேய்த்து நிழல் கொடுப்பாள். முடிந்ததும் பார்த்தால் அசல் போட்டோ தோற்றுவிடும்! அந்தப் படங்கள் நான்கு இன்னும் அக்கா வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. அவற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாத விருந்தாளிக்கு அந்த வீட்டில் இரண்டாவது காபி கிடையாது.

சமாதானத் தூதுக்கு அழைக்கப்பட்டவள் நான். பத்திரிகையில் வேலை செய்கிறவளுக்கு உலகத்தில் எல்லா விஷயமும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் வெகு நாளாக நிலவி வரும் ஒரு தப்பபிப்பிராயம்.

"என்னடி நடந்தது?" என்று கேட்டேன்.

"ஆறு வாரமா வெறும் கோடு, சித்தி! படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, சாய்ந்த கோடு. ஸ்கேலைத் தொடக் கூடாது. அப்புறம் குடம். திரும்பின பக்கமெல்லாம் குடம்! நிழல் கொடுக்கக் கூடாது, விரலால் தேய்க்கக் கூடாது. முதல் நாளே எல்லாருடைய ரப்பரையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவிலே போட்டு அலமாரியில் பூட்டிட்டார் எங்க சார். நேத்து என் படத்தைப் பார்த்து, 'நீ குடத்தைப் பார்க்கவே இல்லையேம்மா'ன்னு சொல்றார். மூணு மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், சித்தி!"

மறுபடியும் கண்ணில் நீர். ரப்பரைப் பூட்டி வைக்கிற அந்த மனிதரைப் பார்த்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

* * *

கல்லூரியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கே வேண்டாம். பெயர் போடாவிட்டால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்றார் அவர்.

உயரமான கூரை; வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள். நடுவில் ஒரு மேடை. அதன் மேல் ஒரு பித்தளைக் குடம், கவிழ்த்த நாற்காலி, ஒரு சாக்குத் துணி. சுற்றிலும் வட்டமாக நீள நீளமான பெஞ்சுகள். இந்தப் பெஞ்சுக்கு 'டாங்கி' என்று பெயராம். கழுதை மேல் ஏறுவது போல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, எதிரே பலகையைச் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புடவை கட்டியவளுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டார்கள்.

ஆசிரியருக்கு ஐம்பது வயதிருக்கும். பேசுவதைவிட நடப்பது அதிகம். ஒவ்வொரு மாணவியின் பின்னாலும் போய் நின்று, குடத்தை ஒரு தடவை, காகிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்கிறார். என் பின்னாலும் வந்து, ஒரு காகிதத்தையும் 4பி பென்சிலையும் நீட்டி, "நீங்களும் போடுங்களேன்" என்றார்.

குடந்தானே? நாற்பது நிமிஷத்தில் போட்டுவிட்டேன். எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் வந்து பார்த்தார்.

"குடத்தின் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இங்கேயிருந்து வட்டமாகத் தெரியவில்லை. அதனால் நசுக்கிவிட்டீர்கள். சரி. ஆனால் இரண்டு ஓரத்தையும் ஏன் கூராக்கினீர்கள்? அங்கே பாருங்கள், எங்கேயாவது மூலை இருக்கிறதா?"

பார்த்தேன். இல்லை. நான் போட்டிருந்தது குடத்தின் வாய் அல்ல, பூனைக் கண்.

"அடிப்பாகம்?"

"நேர்க் கோடாகப் போட்டிருக்கிறேன். மேடை சமமாகத்தானே இருக்கிறது?"

"மேடை சமம் என்று உங்களுக்குத் *தெரியும்*. கண் என்ன சொல்கிறது? குடத்தின் வாயைவிட அடிப்பாகம் உங்கள் கண் மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது. கீழே போகப் போக வட்டம் அதிகமாகத் திறந்து தெரியும். அதனால் அடியில் வளைவு கூடத்தான் இருக்கும், குறையாது. தெரிந்ததைப் போட்டுவிட்டீர்கள். பார்த்ததைப் போடவில்லை."

என் அக்கா பெண் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன்.

வாசகிகளே, இன்றைக்கே சமையலறையில் ஒரு டம்ளரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். கண்ணுக்கு நேராகப் பிடித்தால் விளிம்பு ஒரே கோடு. மெள்ள மெள்ளக் கீழே இறக்கினால் அந்தக் கோடு வாய் திறந்து, நேர் மேலே நின்று பார்க்கும்போது முழு வட்டமாகிறது. வருஷக்கணக்காகக் கையாளுகிற டம்ளர்! அதன் வாயை நான் இத்தனை நாள் பார்த்ததே இல்லை.

"சரி, ரப்பரை ஏன் பிடுங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"தப்புக் கோடு கிடக்கட்டும். அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாமே? எங்கே தவறினோம் என்று காட்டுவது அந்தத் தப்புக் கோடுதான். அதை அழித்துவிட்டால், மறுபடியும் அதே இடத்தில் அதே தப்பைத்தான் போடுவார்கள். இன்னொன்று: கையில் ரப்பர் இருக்கிறவர்கள் யோசிக்காமல் போடுவார்கள். சரி, அழித்துக்கொள்ளலாம் என்று."

பிறகு அவர் சொன்ன ஒரு விஷயந்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. "அந்தக் குடத்தைச் சுற்றிக் கோடு இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருக்கிறதா? பித்தளை இருக்கிறது; அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறது. கோடு எங்கே? குடம் நம் கண்ணுக்கு முடிகிற இடந்தான் கோடு. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் அது முடிகிற இடமும் மாறிவிடுகிறது. ஆகையால் உலகத்தில் எங்குமே இல்லாத ஒன்றைத்தான் சித்திரக்காரர் காகிதத்தில் போடுகிறார். 'இங்கேதான் முடிகிறது' என்று அவர் தீர்மானம் செய்து கொடுக்கிற தீர்ப்பு அது. போட்டோவைக் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதும்போது அந்தத் தீர்மானத்தை நமக்கு முன்பே காமிரா செய்து முடித்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பெண் கரியையும் வெளுப்பையும் அப்படியே இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரத்தனந்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஓரத்தைக்கூட அவளாகத் தீர்மானித்ததில்லை. இப்போது அவளிடம் கேட்கிறார்கள், அவள் அழுகிறாள். பாவம்!

* * *

இடைவேளைக்குப் பிறகு ஒரு வேடிக்கையான அப்பியாசம் நடந்தது. எல்லோரும் இடது கையைக் கண் முன்னால் நீட்டிக்கொண்டார்கள். வலது கையில் பென்சில். காகிதத்தைப் பார்க்கவே கூடாது. இடது கையின் ஓரத்தில் ஓர் எறும்பு ஊர்வதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கண் அந்த எறும்போடு போகும். பென்சில் கண்ணோடு போகும். எறும்பு ஒரு மடிப்புக்குள் இறங்கினால் பென்சிலும் இறங்கும். எறும்புக்கு அவசரமே கிடையாது.

இதை ஓர் ஒழுங்கான பாடமாக்கிப் பரப்பியவர், நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற பள்ளியில் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ். அவர் 1938-ல் காலமானார். அவருடைய பாட முறை 1941-ல்தான் புத்தகமாக வெளிவந்தது. இன்று உலகத்தில் பல ஓவிய வகுப்புகளில் இந்தக் 'குருட்டுக் கோடு' உண்டு.

முடிவில் காகிதத்தைப் பார்த்தபோது வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. என் கை, கருணைக்கிழங்குக்கு விரல் முளைத்தது போல் இருந்தது. ஆனால் ஆசிரியர் சிரிக்கவில்லை. என் அக்கா பெண்ணின் காகிதத்தில், ஒன்றோடொன்று சேராமல் கிடந்த கோடுகளுக்கு நடுவே ஓர் இடத்தில் விரலை வைத்தார். சுட்டு விரலின் கணு. தோல் சுருங்கி, எலும்பு மேலெழும்பி, மறுபடி இறங்குகிற இடம். "இதை நீ பார்த்திருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான், அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அவள் அந்தக் காகிதத்தை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அன்று இன்னும் பல பாடங்கள் நடந்தன. ஒரு மாணவன் மேடையேறி நிமிஷத்துக்கு ஒரு நிலையாக நிற்க, மற்றவர்கள் அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவனைப் பிடித்தாக வேண்டும். மூக்கு, காது எல்லாம் அப்புறம். உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பது முதலில். மூன்றாம் வருஷ மாணவிகள் கறுப்பு இந்தியன் இங்க்கும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இங்க்கை அழிக்க எந்த ரப்பராலும் முடியாது. அங்கேதான் கோட்டுக்குள்ளே இருக்கிற வித்தையைக் கண்டேன். வெளிச்சம் படுகிற பக்கத்தில் கோடு மயிரிழையாக மெலிகிறது. சில இடத்தில் அறுந்தே போகிறது. கனம் தாங்குகிற பக்கத்தில் தடிக்கிறது. நிழலே கொடுக்காமல், இந்த மெலிவிலும் தடிப்பிலும் ஒரு கன்னம் உருண்டு வருகிறது! முகவாயின் கோடு கழுத்துக் கோட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டால் தலை குனிந்துவிடுகிறது. பின்னால் போனால் நிமிர்ந்துவிடுகிறது. இரண்டே கோடுதான்.

* * *

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல என்பது வீடு திரும்பும்போது ஞாபகம் வந்தது. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருக்கிற வீடுகள் இன்னும் எத்தனையோ உண்டு. எங்கள் அம்மாவின் பீரோவில் அப்படிப் பன்னிரண்டு தொகுதிகள். அவற்றில் உள்ள படங்கள் பெரும்பாலும் கோட்டுப் படங்களே. அதற்கு ஒரு காரணம் அச்சு யந்திரம். அந்த நாளில் படத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து பிளாக் செய்வார்கள். கோட்டுப் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெளுப்பு உண்டு. இடையில் சாம்பல் நிறம் கிடையாது. போட்டோ மாதிரி நிழல் வேண்டுமானால் புள்ளி புள்ளியான 'ஹாப்டோன்' பிளாக் போட வேண்டும். மட்டக் காகிதத்தில் அது அப்பிக்கொண்டுவிடும். ஆகவே கதாநாயகியின் வெட்கம் முதல் வில்லனின் கோபம் வரை அத்தனையையும் கோட்டிலேயே கொண்டுவந்தாக வேண்டிய நிர்ப்பந்தம். நம் பத்திரிகைச் சித்திரக்காரர்கள் அப்படிக் கோட்டில் மன்னர்களானார்கள்.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்த 'சில்பி', கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வந்த அந்தப் படங்களைப் பார்த்தால், கல்லில் உளி போன வழியெல்லாம் பேனாவும் போயிருப்பது தெரியும். கும்பகோணத்தில் ஓவியம் படித்த கோபுலு (1924-2015), ஒரு வீட்டுத் திண்ணைக் கூட்டத்தையே நாலைந்து கோட்டில் பேச வைத்தவர். முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை வழங்காமல் போனபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். இதை எங்கள் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "அப்போ கோடு கையிலே இல்லையா, சித்தி?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

சென்னையில் ஓவியப் பள்ளி தோன்றியது 1850-ல். ஆரம்பித்தவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற ஒரு டாக்டர். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவராக இருந்தார். 1957-ல் அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர் வந்தார். மேல் நாட்டு நிழலும் வெளிச்சமும் போதும், நம் சிற்பத்திலும் நாட்டுப்புறக் கலையிலும் உள்ள கோட்டைத் தேடுவோம் என்ற ஆர்வம் 1960-களில் அங்கே மாணவர்களைப் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒருவர், துறையூர் அருகே கீராம்பூரில் 1938-ல் பிறந்த கே. எம். ஆதிமூலம். சிற்பி தனபாலின் வழிகாட்டுதலோடு கல்லூரியில் சேர்ந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ல் மகாத்மாவைக் கறுப்புக் கோடுகளிலேயே வரிசை வரிசையாக வரைந்து காட்சி வைத்தார். நெருங்கிப் பார்த்தால் கோடுகளின் பின்னல். இரண்டடி தள்ளி நின்றால் காந்தி. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கிராமத்து முகங்களைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னாளில் வண்ண ஓவியத்தில் பெரும் புகழ் அடைந்தவரும் அவரே. 2008-ல் மறைந்தார். என்னைக் கேட்டால் அந்தக் கறுப்புக் கோடுகளுக்குத்தான் என் ஓட்டு.

* * *

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். ஆசிரியர் சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று மட்டும் தனக்குப் பிடிபடவில்லை என்றாள் பெண். "விரலாலே போடாதே, தோளாலே போடுன்னு சொல்றார், சித்தி. தோளாலே எப்படிப் போடறது?"

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவள் தங்குகிற வீட்டு வாசலில் மறு நாள் காலையில் கோலம் உண்டு; அது பிளாட் ஆனாலும் சரி, இரண்டடி இடமானாலும் சரி. திங்கட்கிழமை விடிகாலையில் பெண் எழுந்து, வாசற்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நானும் எழுந்து வந்தேன். ஏழு புள்ளிச் சிக்குக் கோலம். அம்மா குனிந்து நிற்கிறாள். கை தரையில் ஊன்றவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இறங்குகிறது. விரல் அசையவில்லை; மணிக்கட்டும் அசையவில்லை. முழுக் கையும் தோளிலிருந்து வீசி வருகிறது. வளைவு பெரிதானால் இடுப்பும் கூடச் சுழல்கிறது. மாவு விழுகிற இடத்தை அவள் பார்க்கவில்லை. அடுத்த புள்ளியைப் பார்க்கிறாள்.

பெண்ணுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. பாட்டியை மேஜை முன்னால் உட்கார வைத்து, ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, "இதே கோலத்தை இதிலே போடு, பாட்டி" என்றாள்.

அம்மாவால் முடியவில்லை! அறுபது வருஷமாகக் கோலம் போடுகிற கை. காகிதத்தில் கோடு நடுங்கியது, வளைவு கோணலாயிற்று, இரண்டு புள்ளியைத் தாண்டுவதற்குள் நின்று போயிற்று. "என்ன இது, கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு?" என்று அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

பெண் பாட்டியைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். பேசாமல் எழுந்து போய், சுருட்டி வைத்திருந்த பெரிய பழுப்புக் காகிதத்தைக் கூடத்துத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்தாள். கரித்துண்டை எடுத்துக்கொண்டு குனிந்து நின்றாள். அன்று கல்லூரிக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள். ஆனால் போனாள்.

* * *

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன். அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் மாலை, அத்தான் சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி தூங்கிப் போய்விட்டாராம். விழித்துப் பார்த்தால் எதிரே தரையில் பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பலகையோடு. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இங்க்கில் போட்டது. பனியனின் தோள்பட்டை வழிந்து கிடக்கிற இடம், சரிந்த மூக்குக் கண்ணாடி, சாய்வு நாற்காலித் துணி அவர் பாரத்தில் தொய்ந்த ஒரே ஒரு நீண்ட வளைவு. ஒரு கண்ணாடிக் காலைத் தப்பாகப் போட்டு, பக்கத்திலேயே சரியாகவும் போட்டிருந்தாள். தப்பு அப்படியே இருந்தது.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "இந்த இடது கையை ஏன் பாதியிலே விட்டுட்டே?" என்று கேட்டிருக்கிறார்.

"அதைப் பேப்பர் மறைச்சிருந்ததுப்பா. எனக்குத் தெரியலை."

அத்தான் பேப்பரை எடுத்தார். தூங்கும்போது இருந்தபடியே சாய்ந்துகொண்டு, அதே மாதிரி பிடித்து, குனிந்து தம் இடது கையைத் தேடிப் பார்த்தார்.

"ஆமாம், தெரியலைதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "பரீட்சைப் பணத்துக்குக் கடைசித் தேதி என்னிக்கு?" என்றார்.

"நாளைக்கு."

"ம்." மறுபடியும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "எல்லாம் சரி. ஆனா எனக்குத் தொப்பை இவ்வளவு கிடையாது."

"இருக்கு!" என்றது சமையலறையிலிருந்து அக்காவின் குரல்.